குடும்பக் கணக்கு: இருவர் மட்டும், இரண்டே நாள்

செங்கல்பட்டிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் போடவில்லை. கடிதத்தில் முக்கியமான பகுதி இது:

"அம்மா, எங்களுக்குக் கல்யாணமாகி நாலு வருஷம் ஆகிறது. இரண்டரை வயசில் ஒரு பெண் குழந்தை. வீட்டுக்காரர் மறைமலை நகரில் ஒரு கம்பெனியில் வேலை பார்க்கிறார். மாமியார் எங்களோடு இருக்கிறார். என் சித்தி மகளும் அவள் புருஷனும் போன டிசம்பரில் ஸ்பெயின் போய் வந்தார்கள். தினம் நாலு போட்டோ வாட்ஸ்அப்பில் வரும். பார்த்துவிட்டு ஒருநாள் பெருமூச்சு விட்டேன். அவ்வளவுதான். அது அவர் மனசில் தைத்துவிட்டது. 'நாமளும் போவோம், போன்லயே ரெண்டு லட்சம் கடன் தர்றாங்களாம், மாசாமாசம் கட்டிக்கலாம்' என்கிறார். எனக்கு ஸ்பெயினும் வேண்டாம், ஒன்றும் வேண்டாம். குழந்தை பிறந்ததிலிருந்து நாங்க ரெண்டு பேரும் சேர்ந்தாற்போல அரைமணி நேரம் உட்கார்ந்து பேசினதில்லை. அதைச் சொன்னால், 'அதுக்குத்தானே கூட்டிட்டுப் போறேங்கறேன்' என்கிறார். கடனும் ஆகக் கூடாது, அவர் மனசும் நோகக் கூடாது. என்ன செய்யட்டும்?"

சகோதரி, முதலில் உங்கள் வீட்டுக்காரரைப் பாராட்டிவிடுகிறேன். மனைவியின் பெருமூச்சு காதில் விழுகிற கணவன் கிடைப்பது சுலபமில்லை. அவருடைய எண்ணம் நல்ல எண்ணம். கணக்குத்தான் சரியில்லை. அந்தக் கணக்கை இரண்டு பேருமாகச் சேர்ந்து போட்டுப் பார்த்தால் சண்டைக்கே இடமிராது.

இந்த மாதிரிக் கடிதம் உங்களிடமிருந்து மட்டும் வரவில்லை. குளிர்காலம் வந்தாலே "எங்காவது போகலாமா" என்ற பேச்சு இளம் தம்பதிகள் வீட்டில் எழுகிறது. பாதி வீடுகளில் அது பேச்சோடு நின்றுவிடும். மீதிப் பாதியில் கடனில் முடியும். இரண்டுக்கும் நடுவே ஒரு வழி இருக்கிறது. அதைத்தான் இந்த இதழில் பார்க்கப் போகிறோம்.

கடன் கணக்கு

இரண்டு லட்சம் ரூபாய் கடன். ஆண்டுக்கு 16 சதவீத வட்டி, 24 மாதத் தவணை என்று வைத்துக்கொள்வோம். மாதம் சுமார் 9,800 ரூபாய் கட்ட வேண்டும். இரண்டு வருஷத்தில் வட்டி மட்டும் சுமார் 35,000 ரூபாய். பயணம் பத்து நாளில் முடிந்துவிடும். தவணை உங்கள் பெண் பள்ளிக்கூடம் போகும்வரை கூடவே வரும். அப்போது பீஸ் கட்டப் பணம் எங்கே என்று தேடுவீர்கள்.

போனில் கிடைக்கிற கடன் என்றால் இன்னும் ஜாக்கிரதை. வட்டி, கட்டணம் எல்லாம் சேர்த்து ஆண்டுக்கு மொத்தம் எத்தனை சதவீதம் என்று எழுதிய விவரத் தாளைக் கடன் வாங்குபவருக்குக் கொடுத்தாக வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2022-ல் உத்தரவு போட்டிருக்கிறது. அந்தத் தாளைக் காட்டாதவர்களிடம் ஒரு ரூபாயும் வாங்காதீர்கள். வாங்கியே தீர வேண்டிய ஆஸ்பத்திரிச் செலவுக்கே இந்த எச்சரிக்கை. ஊர் சுற்றக் கடனே வேண்டாம்.

இன்னொன்றும் சொல்கிறேன். ஸ்பெயின் போக விசாக் கட்டணம் பெரியவர் ஒருவருக்கு 90 யூரோ. 2024 ஜூனிலிருந்து இந்தத் தொகை. இரண்டு பேருக்கு 180 யூரோ, அதாவது 16,000 ரூபாய்க்கு மேல். விசா மறுக்கப்பட்டால் அந்தப் பணம் திரும்பி வராது. விமானம் ஏறுவதற்கு முன்னே, ஒரு வாய்க் காபிகூடக் குடிக்காமல் ஆகிற செலவு இது! இதில் பாதிக்கும் குறைவான தொகையில் உங்கள் மாவட்டத்துக்குள்ளேயே ஓர் இரவு தங்கி, கடல் பார்த்து, வயிறாரச் சாப்பிட்டு வந்துவிடலாம்.

ஸ்பெயினிலிருந்து எடுத்துக்கொள்ள மூன்று யோசனை

ஆனாலும், அந்த ஊருக்குச் சிக்கனமாகப் போய் வருகிறவர்களிடம் நாம் கற்றுக்கொள்ள விஷயம் உண்டு.

முதலாவது, அவர்கள் திருவிழா முடிந்த பிறகு போகிறார்கள். அங்கே கிறிஸ்துமஸ் கொண்டாட்டம் ஜனவரி 6-ம் தேதி மூன்று ராஜாக்கள் திருநாளோடு முடிகிறது. அதற்குப் பிறகு கூட்டம் வடிந்து, அறை வாடகை இறங்குகிறது.

இரண்டாவது, பெரிய சாப்பாட்டை மத்தியானத்தில் வைத்துக்கொள்கிறார்கள். அங்குள்ள உணவு விடுதிகளில் வார நாட்களில் மத்தியானம் மட்டும் ஒரே விலைக்கு முழுச் சாப்பாடு கிடைக்கும். நம் ஊர் 'மீல்ஸ்' மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்களேன். ராத்திரிக்கு லேசாக எதையாவது சாப்பிட்டு முடித்துக்கொள்வார்கள்.

மூன்றாவது, இலவச நேரம் எது என்று விசாரித்து வைத்துக்கொள்கிறார்கள். மாட்ரிட்டில் உலகப் புகழ்பெற்ற பிராடோ ஓவியக் கூடத்தில் மாலை கடைசி இரண்டு மணி நேரம் அனுமதி இலவசம். விவரம் தெரிந்தவர்கள் அந்த நேரத்துக்குத்தான் போவார்கள்.

இந்த மூன்று யோசனையும் மாமல்லபுரத்துக்கு அப்படியே பொருந்தும். செங்கல்பட்டிலிருந்து சுமார் 30 கிலோமீட்டர். பஸ் ஏறினால் ஒரு மணி நேரத்தை ஒட்டி ஆகும். "அதான் ஸ்கூல்ல கூட்டிட்டுப் போனாங்களே, பார்த்த ஊருதானே" என்று முகம் சுளிக்காதீர்கள். டீச்சர் பின்னால் வரிசையில் நடந்து பார்த்தது வேறு. கணவனோடு, அவசரமில்லாமல், ஓர் இரவு தங்கிப் பார்ப்பது வேறு.

உச்சவரம்பு முதலில், ஊர் பிறகு

எங்கே போகலாம் என்று தொடங்கினால் செலவு நம்மை இழுத்துக்கொண்டு போகும். எவ்வளவு முடியும் என்று தொடங்கினால் நாம் செலவை நடத்திக்கொண்டு போவோம். ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு என்றார்கள் பெரியவர்கள். கடற்கரைக்குப் போகும்போது இன்னும் அளந்தே போடலாம்!

நான் போட்டிருக்கும் உச்சவரம்பு 6,000 ரூபாய். மாதம் 500 வீதம் ஒரு வருஷம் சேர்த்தால் வரும் தொகை. இந்தத் தையில் ஆரம்பித்தால் அடுத்த தைக்குக் கையில் இருக்கும். 500 முடியாது என்றால் 250 வீதம் சேர்த்து, இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை போங்கள்.

இந்தப் பணத்தை எங்கே வைப்பது என்பது முக்கியம். நம் பெண்களுக்கு அஞ்சறைப் பெட்டியிலும் அரிசிப் பானையிலும் ஒளித்து வைத்துப் பழக்கம். 2016 நவம்பரில் 500, 1,000 ரூபாய் நோட்டுகள் செல்லாது என்றபோது எத்தனை வீடுகளில் அந்த ரகசியம் வெளியே வந்தது என்பது உங்களுக்கே தெரியும். ஒளித்து வைத்த பணத்துக்கு இன்னொரு குறையும் உண்டு. அதற்குப் பெயர் கிடையாது. பெயரில்லாத பணம் நாத்தனார் சீமந்தத்துக்கும், காஸ் சிலிண்டருக்கும், திடீர் விருந்தாளிக்கும் போய்விடும். ஆகவே கணவருக்குத் தெரிந்தே, ஒரு டப்பாவிலோ தனி வங்கிக் கணக்கிலோ போட்டு, 'நம் இருவர் பயணம்' என்று எழுதி ஒட்டுங்கள். பெயர் எழுதிய டப்பாவில் கை வைக்கப் பெண்ணுக்கும் மனசு வராது, ஆணுக்கும் வராது.

இனி செலவு. கீழே இருப்பது ஒரு மாதிரிக் கணக்கு. அன்றைய விலைக்குத் தகுந்தபடி ஒரு வரியில் கூட்டினால் இன்னொரு வரியில் குறைத்துக்கொள்ளுங்கள். மொத்தம் மட்டும் மாறக் கூடாது.

அறை, ஓர் இரவு, வரியோடு: 2,100
பஸ், ஆட்டோ: 700
இரண்டு நாள் சாப்பாடு, காபி, சிற்றுண்டி: 1,400
நுழைவுச் சீட்டு, வாடகை சைக்கிள்: 300
வீட்டில் இருப்பவர்களுக்கு வாங்கிப்போக: 500
உங்கள் ஆசைக்கு: 400
அவசரத்துக்கு: 600
ஆக மொத்தம்: 6,000 ரூபாய்

'உங்கள் ஆசைக்கு' என்ற வரியைப் பார்த்ததும் அதை வெட்டிவிடத்தான் முதலில் கை போகும், எனக்குத் தெரியும். வெட்டாதீர்கள். பஜ்ஜியோ, பாசி மணியோ, கல்லில் செதுக்கிய குட்டிப் பிள்ளையாரோ, கணக்குக் கேட்காமல் வாங்க ஒரு தொகை இருக்கட்டும். மாமல்லபுரத்துக் கற்சிற்பத்துக்கு 2017-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. கல் தட்டும் சத்தம் கேட்கும் பட்டறையிலேயே வாங்கினால், செய்தவர் கையிலேயே காசு கொடுத்த திருப்தி உண்டு.

எந்த நாள் நல்ல நாள்?

ஸ்பெயினில் குளிர்காலம் என்றால், பண்டிகை வாரங்கள் போக, கூட்டம் குறைந்த காலம். நமக்கு நேர்மாறு. வெயில் குறைந்த டிசம்பர், ஜனவரியில்தான் நம் கடற்கரைக்குக் கூட்டம். கிறிஸ்துமஸ் விடுமுறை, ஆங்கிலப் புத்தாண்டு, காணும் பொங்கல் மூன்றையும் ஒதுக்கிவிடுங்கள். காணும் பொங்கலன்று மாமல்லபுரத்தில் மணல் தெரியாது, தலைதான் தெரியும்.

டிசம்பர் முன்பாதியும் வேண்டாம். வடகிழக்குப் பருவமழை முடிந்திராது. 2022 டிசம்பர் 9-ம் தேதி இரவு மாண்டஸ் புயல் மாமல்லபுரத்தை ஒட்டித்தான் கரையைக் கடந்தது. அந்த மாதத்தில் போய்த்தான் ஆக வேண்டுமென்றால், அறைக்கு முழுப்பணத்தையும் முன்கூட்டிக் கட்டிவிடாதீர்கள். மழை வந்தால் தேதியை மாற்றித் தருவார்களா என்று கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கி வையுங்கள்.

ஆகவே நான் சொல்லும் நாள், பொங்கல் கழிந்த மறுவாரம், புதனும் வியாழனும். வீட்டுக்காரருக்கு இரண்டு நாள் லீவு கிடைக்காவிட்டால் ஞாயிறு மத்தியானம் கிளம்பித் திங்கள் மாலை திரும்புங்கள். ஞாயிறு இரவு எல்லோரும் ஊர் திரும்பும்போது நீங்கள் தங்குவீர்கள். அறை கேட்கக் கூட்டமிருக்காது. உங்கள் மாத நாட்கணக்கையும் பார்த்துக்கொண்டு தேதி குறியுங்கள்.

தமிழ்நாடு சுற்றுலாத் துறை ஆண்டுதோறும் டிசம்பர் கடைசியில் தொடங்கி ஜனவரியில் அங்கே நாட்டிய விழா நடத்துகிறது. நீங்கள் போகும் நாளில் இருந்தால் மாலைப் பொழுதுக்கு வேறு செலவே தேவையில்லை. போன் செய்து விசாரித்துக்கொண்டு போங்கள்.

அறை எடுக்கும்போது

நான்கு கேள்வி கேளுங்கள். வாடகை 24 மணி நேரத்துக்கா, பகல் 12 மணி வரைக்குமா? வரி உள்ளேயா, தனியா? வெந்நீர் எத்தனை மணிக்கு வரும்? ஜன்னல் எந்தப் பக்கம்? நாள் வாடகை 7,500 ரூபாய் வரையுள்ள அறைகளுக்கு 2025 செப்டம்பர் 22 முதல் ஜி.எஸ்.டி. 5 சதவீதம். 2,000 ரூபாய் அறைக்கு 100 ரூபாய்தான் வரி. அதற்கு மேல் கேட்டால் பில்லைக் காட்டச் சொல்லுங்கள். சாப்பிட்ட பில்லில் 'சர்வீஸ் சார்ஜ்' என்று தானாகச் சேர்த்திருந்தால், கொடுப்பது உங்கள் இஷ்டம்; கட்டாயமில்லை என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022-ல் சொல்லியிருக்கிறது.

இருவரும் ஆதார் அட்டையை எடுத்துப் போங்கள். கடல் பார்த்த அறை என்றால் வாடகை கூடும். அறைக்குள் இருந்து கடலைப் பார்ப்பதைவிட நாலு எட்டு நடந்து போய்ப் பார்க்கலாம்; அதற்கு வாடகை கிடையாது. மாசி மகத்தன்று இதே கடற்கரையில் இருளர் மக்கள் பல ஊர்களிலிருந்து வந்து கூடுவார்கள். சேலைகளையே கூடாரமாகக் கட்டி மணலில் தங்கி, கன்னியம்மனைக் கும்பிடுவார்கள். கல்யாணங்கள் பேசி முடிப்பதும் நடத்துவதும் அங்கேயேதான். சேலைக் கூடாரத்திலிருந்து எத்தனையோ குடும்பங்கள் வாழ்க்கையைத் தொடங்கியிருக்கின்றன. சுத்தமான படுக்கை, பூட்டுகிற கதவு, தண்ணீர் வருகிற குழாய் மூன்றும் உள்ள அறை நமக்குத் தாராளம்.

போகிற வழியும் பார்க்கிற இடமும்

செங்கல்பட்டு பஸ் நிலையத்தில் திருக்கழுக்குன்றம் வழியாகப் போகும் பஸ்ஸில் ஏறுங்கள். நகரப் பேருந்துகளில் பெண்களுக்கு 2021 மே மாதம் வந்த கட்டணமில்லாப் பயணம் எல்லா பஸ்களுக்கும் கிடையாது. ஏறுமுன் கண்டக்டரைக் கேட்டுவிடுங்கள்.

திருக்கழுக்குன்றத்தில் இறங்கி, வெயில் ஏறுமுன் மலை ஏறிவிடலாம். ஐந்நூறுக்கு மேல் படிகள். உச்சியில் வேதகிரீஸ்வரர், அடிவாரத்தில் பக்தவத்சலேஸ்வரரும் திரிபுரசுந்தரி அம்மனும். உச்சிவேளையில் இரண்டு கழுகுகள் வந்து பிரசாதம் உண்ட மலை இது. இப்போது அவை வருவதில்லை, பல வருஷமாகிவிட்டது. மூட்டு வலியோ, கர்ப்பமோ, ரத்த சோகையோ இருந்தால் ஏற வேண்டாம். கீழ்க்கோயிலையும் சங்கு தீர்த்தக் குளத்தையும் பார்த்தாலே மனசு நிறையும். கையில் கொண்டுபோன புளியோதரையையும் தயிர்சாதத்தையும் நிழலில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு அடுத்த பஸ் ஏறலாம். முதல் நாள் மத்தியானச் செலவு மிச்சம்.

மாமல்லபுரத்தில் கடற்கரைக் கோயிலுக்கும் ஐந்து ரதங்களுக்கும் தொல்லியல் துறை நுழைவுச் சீட்டு இந்தியர்களுக்கு 40 ரூபாய். ஒரே சீட்டில் இரண்டும் பார்க்கலாம். 15 வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குச் சீட்டே வேண்டாம். அர்ஜுனன் தபசும் கிருஷ்ண மண்டபமும் தெரு ஓரத்திலேயே இருக்கின்றன. எவ்வளவு நேரம் நின்று பார்த்தாலும் காசு இல்லை.

அவசரப்படாமல் பாருங்கள். அர்ஜுனன் தபசில் தவம் செய்யும் பூனையும், அதன் காலடியில் எலிகளும் இருப்பதைத் தேடிக் கண்டுபிடியுங்கள். பக்கத்திலேயே குரங்குக் குடும்பம் ஒன்று: ஒன்றுக்கு ஒன்று பேன் பார்க்க, தாய்க்குரங்கு குட்டிக்குப் பால் கொடுக்கிறது. ஞாயிற்றுக்கிழமை காலையில் நம் வீட்டுத் திண்ணை மாதிரியே இருக்கும்! கிருஷ்ண மண்டபத்தில் ஒருவர் பால் கறக்க, பசு தன் கன்றை நக்கிக்கொண்டிருக்கிறது. ஆயிரத்து முந்நூறு வருஷத்துக் கல்லில் குடும்ப வாழ்க்கைதான் செதுக்கியிருக்கிறது.

ஆதிவராகர் குகைக் கோயில் திறந்திருக்கும் நேரத்தைக் கேட்டுக்கொண்டு அங்கேயும் போங்கள். பூஜை நடக்கிற கோயில். அங்கே ஓர் அரசன் ராணியின் கையைப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையால் சந்நிதியைக் காட்டி அழைத்துப் போகிறான். மேலே மகேந்திரர் என்று எழுத்து வெட்டியிருக்கிறது. ராணிகள் இரண்டு பேர் என்பதை மட்டும் விட்டுவிடுவோம். கையைப் பிடித்து, "வா, காட்டுகிறேன்" என்று அழைத்துப் போகிற பாவனை இருக்கிறதே, அதை வீட்டுக்காரருக்குக் காட்டுங்கள். வேறு எதுவும் சொல்ல வேண்டாம்.

கடற்கரைக் கோயிலைக் கட்டியவன் ராஜசிம்மப் பல்லவன், எட்டாம் நூற்றாண்டுத் தொடக்கத்தில். 1984-ல் மாமல்லபுரச் சின்னங்கள் உலக மரபுச் சின்னங்கள் ஆயின. கல்கியின் 'சிவகாமியின் சபதம்' நூலகத்தில் கிடைத்தால் போகுமுன் இருவரும் படித்துவிட்டுப் போங்கள். பார்க்கிற ஒவ்வொரு கல்லுக்கும் பேச்சு கிடைக்கும்.

முதலைப் பண்ணை, தட்சிணசித்ரா, முட்டுக்காடு படகுத்துறை எல்லாவற்றையும் இந்த இரண்டு நாளில் திணிக்க வேண்டாம். அதெல்லாம் குழந்தையைக் கூட்டிக்கொண்டு போகிற பயணத்துக்கு. இந்தப் பயணத்தில் பார்ப்பது பாதி, உட்காருவது பாதி.

சாப்பாடும் உடம்பும்

ஸ்பெயின்காரர்கள் மாதிரி மத்தியானம் முழுச் சாப்பாடு, ராத்திரி இரண்டு இட்லி, தோசை என்று வைத்துக்கொள்ளுங்கள். கடற்கரை ஓட்டல்களில் மீன், இறால் சாப்பிட ஆசையென்றால் எடைக்கு விலையா, தட்டுக்கு விலையா என்று முதலிலேயே கேளுங்கள். ஆட்டோவும் அப்படியே. கோயிலும் ரதங்களும் நடக்கிற தூரம்தான். வாடகை சைக்கிளும் கிடைக்கும்.

அலையில் காலை நனைப்பதோடு நிறுத்துங்கள். நீரோட்டம் பொல்லாதது, பாறையும் உண்டு. புடவையோடு இறங்குவது ஆபத்து. தை மாதம் என்றாலும் கடலோர வெயில் உறைக்கும். குடையும், இரண்டு பாட்டில் கொதித்து ஆறிய நீரும், வாந்தி வயிற்றுப்போக்குக்கு உப்பு சர்க்கரைக் கரைசல் பாக்கெட்டும் பையில் இருக்கட்டும்.

குழந்தையை என்ன செய்வது?

தாய்ப்பால் மட்டுமே குடிக்கும் ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தையை விட்டுவிட்டு இரவு தங்கப் போகாதீர்கள். குழந்தைக்கும் நல்லதில்லை, உங்களுக்கும் பால் கட்டிக்கொண்டு காய்ச்சல்வரை போகும். காலையில் போய் மாலையில் திரும்புங்கள், குழந்தையோடு.

உங்கள் பெண்ணுக்கு இரண்டரை வயது. பாட்டியிடம் பழகிய குழந்தை ஓர் இரவு தாராளமாக இருக்கும். போவதற்கு முன் வாரத்தில் இரண்டு இரவு பாட்டியோடு படுக்க வைத்துப் பழக்குங்கள். கிளம்பும்போது ஒளிந்து ஓடாதீர்கள். "அம்மாவும் அப்பாவும் நாளைக்குச் சாயங்காலம் வந்துருவோம்" என்று சொல்லிவிட்டே போங்கள். இரண்டு நிமிஷம் அழும். ஆனால் அம்மா சொன்னால் வருவாள் என்று கற்றுக்கொள்ளும். மருந்து, டாக்டர் நம்பர், என்ன சாப்பிடுவாள் என்ற விவரம் எல்லாம் ஒரு தாளில் எழுதி ஒட்டிவிடுங்கள்.

மாமியாரிடம் யார் பேசுவது? நீங்கள் அல்ல, அவர் பிள்ளை பேச வேண்டும். மருமகள் கேட்டால் அது 'ஊர் சுற்றும் ஆசை'. பிள்ளை கேட்டால் அது 'பாவம், வேலைக் களைப்பு'. உலகம் அப்படித்தான் இருக்கிறது. கோபித்துப் பயனில்லை, பயன்படுத்திக்கொள்ளுங்கள். ஆனால் மாமியார் ஓர் இரவும் இரண்டு பகலும் உங்களுக்காக உழைக்கிறார் என்பதை மறக்கக் கூடாது. அந்த 500 ரூபாய் வரி அதற்குத்தான். அதைவிடப் பெரிய கைம்மாறு ஒன்று உண்டு: அடுத்த மாதம் அவரை இரண்டு நாள் மகள் வீட்டுக்கு அனுப்பி வையுங்கள். அவருக்கும் இந்தச் சமையலறையிலிருந்து விடுமுறை வேண்டும்தானே?

"பிள்ளை பெத்த பிறகு என்ன தேன்நிலவு?" என்று அக்கம்பக்கத்தில் கேட்கலாம். கல்யாணமான புதிதில் பேசுவதற்கு என்ன இருந்தது, வெட்கத்தைத் தவிர? இப்போதுதான் பேச ஆயிரம் இருக்கிறது. குழந்தையின் பள்ளிக்கூடம், வீட்டுக் கடன், அவர் கம்பெனிக் கவலை, நீங்கள் மறுபடி வேலைக்குப் போவதா என்பது, இன்னொரு குழந்தை எப்போது என்பது. இதையெல்லாம் குக்கர் விசில் நடுவே பேசினால் சண்டைதான் வரும்.

6,000-மும் முடியாத வருஷம்

வேலை போன வருஷம், ஆஸ்பத்திரிச் செலவு வந்த வருஷம் எல்லா வீட்டிலும் உண்டு. அப்போது டப்பாவை எடுத்துச் செலவு செய்யுங்கள், குற்றமில்லை. ஆனால் எடுத்ததை இருவரும் சேர்ந்து எடுங்கள். அந்த வருஷத்துக்குப் பஸ் கட்டணம், சீட்டுக்கு 80, காபிக்குக் கொஞ்சம் என்று ஒருநாள் மத்தியானம் கிளம்பி இருட்டுமுன் திரும்பிவிடுங்கள். கையில் வீட்டுச் சாப்பாடு. 500 ரூபாய்க்குள் அடங்கும். கொளவாய் ஏரிக்கரையில் ஒரு மாலை உட்கார்ந்துவிட்டு வந்தாலும் சரிதான். அதற்குச் செலவே இல்லை.

அவரிடம் எப்படிச் சொல்வது?

"கடன் வேண்டாம்" என்று ஆரம்பிக்காதீர்கள், சகோதரி. அது அவர் காதில் "உங்களால முடியாது" என்று விழும். இப்படிச் சொல்லிப் பாருங்கள்: "நீங்க கூட்டிட்டுப் போறேன்னு சொன்னதே எனக்குப் போதுங்க. ஸ்பெயின் ஒரு தடவைதான் போக முடியும். இந்தக் கணக்குல வருஷா வருஷம் போகலாம்." பிறகு ஒரு தாளை எடுத்து அவர் கையாலேயே கணக்குப் போடச் சொல்லுங்கள். அந்த இரண்டு லட்சத்துக்குக் கட்டும் 35,000 ரூபாய் வட்டியை மட்டும் வைத்தே ஐந்து தடவை மாமல்லபுரம் போய் வரலாம். அதற்குப் பிறகும் 5,000 மிஞ்சும். ஆண்கள் நம் பேச்சை மறுப்பார்கள். தாங்களே போட்ட கணக்கை மறுக்க மாட்டார்கள்!

ஒரே ஒரு நிபந்தனை மட்டும் வாங்கிக்கொள்ளுங்கள். காலையில் ஒருமுறை, இரவில் ஒருமுறை வீட்டுக்குப் போன் பேசி, குழந்தை சௌக்கியம் என்று தெரிந்ததும் இருவர் போனும் பைக்குள் போய்விட வேண்டும். போட்டோ எடுங்கள், வேண்டாமென்று சொல்லவில்லை. ஆனால் ஊர் திரும்பிய பிறகு அனுப்புங்கள். சித்தி மகள் பார்த்துப் பெருமூச்சு விட்டால் அது அவள் பாடு.

அடுத்த இதழில்: பள்ளிக்கூடம் சேர்க்கிற மாதத்தில் கையைக் கடிக்காமல் குடும்பம் நடத்துவது எப்படி? உங்கள் வீட்டில் நீங்கள் கையாளும் வழிகளை எழுதி அனுப்புங்கள்.